அட்டைக்கு ஐந்து நட்சத்திரம், டிரைவருக்கு ஒன்று

சென்சார் அளவீடுகளைக் கணினிக்குள் கொண்டுவரும் இந்த பிசிஐ அட்டையை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அளவீட்டில் ஒருநாளும் பிசகு கண்டதில்லை. பெட்டியிலேயே 'லினக்ஸ் ஆதரவு உண்டு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரை மூல நிரலாகத் தருகிறார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாக வரும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி டிரைவரை அதற்கேற்பக் கம்பைல் செய்துகொள்ளும். கெர்னல் 6.4க்கு மாறிய அன்று அது நின்றுபோனது.

முதலில் என் கணினியைத்தான் சந்தேகித்தேன். ஓடுகிற கெர்னலும், டிரைவரைக் கம்பைல் செய்யத் தேவைப்படும் ஹெடர் கோப்புகளின் தொகுப்பும் ஒரே பதிப்புதான். பிறகு கம்பைல் விவரங்கள் பதிவாகும் மேக்.லாக் கோப்பைத் திறந்தேன். 'கிளாஸ்_கிரியேட்' என்ற செயற்கூற்றுக்கு உள்ளீடுகள் அதிகம் என்று பிழை காட்டியது. முன்பு அதற்கு 'திஸ்_மாட்யூல்', பெயர் என்று இரண்டு கொடுக்க வேண்டும். 6.4இல் முதலாவதை எடுத்துவிட்டார்கள். டிரைவர் இன்னமும் இரண்டையும் கொடுத்துக்கொண்டிருந்தது.

தயாரிப்பாளருக்கு எழுதினேன். "உங்கள் டிஸ்ட்ரோவின் ஹெடர்களில்தான் கோளாறு, அவர்களைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. டிஸ்ட்ரோக்காரர்களோ, அதாவது நான் நிறுவியிருக்கும் லினக்ஸ் தொகுப்பை வெளியிடுகிறவர்களோ, இது கெர்னலுக்கு வெளியே இருக்கும் மாட்யூல் (கெர்னலோடு இணையும் நிரல் துண்டு), தயாரிப்பாளர்தான் திருத்த வேண்டும் என்றார்கள். மூன்று வாரம் இப்படியே அலைந்தேன். முடிவில் பழைய கெர்னலுக்கே திரும்பிவிடுமாறு தயாரிப்பாளர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட முடியுமா?

டிஸ்ட்ரோ சொன்னதுதான் சரி. பயன்பாட்டு மென்பொருள்களுக்கான இடைமுகத்தை உடைக்கக் கூடாது என்பதில் கெர்னல் குழுவினர் கண்டிப்பானவர்கள். டிரைவர்கள் பயன்படுத்தும் உள் இடைமுகங்களுக்கு அந்த உறுதி கிடையாது என்பதைக் கெர்னலோடு வரும் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு செயற்கூற்றை மாற்றுகிறவர், கெர்னலுக்குள் அதை அழைக்கும் டிரைவர்களையும் கையோடு திருத்திவிடுகிறார். வெளியே இருப்பதை யார் திருத்துவார்கள்? வைத்திருப்பவர்தான். 2020இல் 5.6 வெளியானபோது 'ப்ராக்_ஆப்ஸ்' என்ற உள் இடைமுக மாற்றத்தாலும் வெளி மாட்யூல்கள் பல இப்படித்தான் கம்பைல் ஆகாமல் நின்றன. ஹெடரைக் குறைசொல்லி அன்றும் பயனில்லை.

இத்தனைக்கும் வேலை மிகச் சிறியது. கெர்னல் பதிப்பைச் சோதித்து, 6.4 முதல் புதிய அழைப்பு, அதற்கு முன்பு என்றால் பழையது என்று நான்கு வரிகள் சேர்த்தேன். கம்பைல் ஆனது, அளவீடுகள் வந்தன. அந்த நான்கு வரிகளையும் அவர்களுக்கு அனுப்பினேன். அடுத்து வந்த டிரைவர் வெளியீட்டில் அவை இல்லை. நானே மறுபடி சேர்த்துக்கொண்டேன். அட்டையை வாங்கலாம். ஆனால் நிரலில் கை வைக்கத் தெரிந்த ஒருவர் உங்களோடு இல்லையென்றால், கெர்னலுக்குள்ளேயே டிரைவர் உள்ள வேறொன்றைத் தேடுங்கள்.