பழைய காசு தேட மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

பெயர்பெற்ற கம்பெனியின் புது டிடெக்டர் என்று சொல்லி எனக்கு ஒரு போலியைத் தள்ளிவிட்டார்கள். பெட்டி, கையேடு, பளபளக்கும் ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசல் மாதிரியே இருந்தன. வாரண்டிக்காக சீரியல் நம்பரைப் பதியப் போனபோது, இப்படி ஒரு நம்பர் எங்கள் தயாரிப்பிலேயே கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

சந்தேகம் அதற்கு முன்பே வந்தது. மண்ணுக்குள் காசைவிட ஆணியும் பாட்டில் மூடியும்தான் அதிகம். அவற்றிலிருந்து காசைப் பிரித்தறியத்தான் திரையில் எண் வருகிறது. காசின் மேல் காயிலை (கம்பின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு, உலோகத்தை உணர்வது அதுதான்) எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அந்த எண் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இதுவோ, புல் மேல் கண்ணெதிரே கிடந்த செம்புக் காசை ஒரு வீச்சில் இரும்பு என்றது, அடுத்த வீச்சில் வெள்ளி என்றது, அப்புறம் சத்தமே இல்லை. காயில் கேபிளை விரலால் லேசாகத் தொட்டாலே கீச்சிட்டது.

விற்றவரிடம் கேட்டால், "மண்ணு அப்படி சார், பழகப் பழகச் சரியாயிடும்" என்றார். இரும்புத் தாது கலந்த மண்ணும் உப்பு ஈரம் உள்ள கடற்கரை மணலும் பல டிடெக்டர்களைக் குழப்பும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தப் பதிலைப் பலரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் காயிலை அந்தரத்தில் பிடித்து, அதன் முன்னே காசை ஆட்டிப் பார்க்கும்போது மண் எங்கே வந்தது? ஓரளவு நல்ல கருவி என்றால் ஒரு ஜாண் தள்ளிப் பிடித்தாலும் கேட்கும். என்னுடையது நாலு விரற்கடை தாண்டியதுமே அடங்கிவிட்டது. அதை வீடியோ எடுத்து அனுப்பினேன்.

வந்த பதில்தான் இன்னும் மோசம். இது ஆரம்பநிலைக் கருவியாம். கூடுதல் பணம் கட்டினால், தூரத்திலிருந்தே புதையல் இருக்கும் திசையைக் காட்டும் ஆன்டெனா கருவி தருவாராம். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அதே மாதிரி ஆன்டெனா வைத்த ஏடிஇ 651-ஐ வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு, லண்டன் நீதிமன்றம் 2013-இல் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்தக் கருவிக்குள் எதையும் கண்டுபிடிக்கக்கூடிய அமைப்பே இல்லை.

ஒற்றைக் காசைப் பத்தடி ஆழத்தில் காட்டும் என்று விளம்பரம் செய்தால், அதுவும் பொய். காசுக்கும் காயிலுக்கும் இடையே தூரம் கூடக்கூட, திரும்பி வரும் சிக்னல் தடாலடியாகச் சரியும். பெரிய காயில் மாட்டினாலும் சின்னக் காசுக்குப் பெரிய லாபம் இல்லை.

வாங்குமுன் சீரியல் நம்பரைப் போட்டோவாகக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். தந்தால், பணம் கட்டுமுன் அதைக் கம்பெனிக்கே அனுப்பி விசாரியுங்கள். அவர் அங்கீகாரம் பெற்ற டீலர்தானா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து, அன்றைக்கே காசை ஆட்டிச் சோதித்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை "பழகிக்கொண்டு" இருக்க வேண்டாம்.

நான் கார்டில் கட்டியிருந்ததால், கம்பெனி அனுப்பிய மின்னஞ்சலையும் வீடியோவையும் இணைத்து வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். விற்றவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.