பென் ஹாய் ஆற்றுப் பாலம்: ஹுவேயிலிருந்து ஒருநாள் சுற்றுலா எப்படி?

ஹுவே நகரிலிருந்து போகும் வியட்நாமின் படைவிலக்கப் பகுதி (வட, தென் வியட்நாமைப் பிரித்த கோட்டையொட்டிப் படைகள் இருக்கக்கூடாத பகுதி) சுற்றுலாவில் கொடுத்த காசுக்குத் தகுந்த இடம், பென் ஹாய் ஆற்றின் மேலுள்ள ஹியென் லுவோங் பாலம்தான். 178 மீட்டர் நீளம். வடபாதி நீலம், தென்பாதி மஞ்சள். நடந்தே கடக்கலாம். (இது மறுபடி கட்டியது.) வடகரையில் கொடிமரம், அருங்காட்சியகம்.

குறை, வழிகாட்டிகளின் விளக்கத்தில். பிரெஞ்சுக்காரர்களுடனான போரை நிறுத்திய 1954 ஜெனீவா ஒப்பந்தம், நாட்டைப் பிரித்த தற்காலிகக் கோட்டின் இருபுறமும் 5 கி.மீ. படைவிலக்கம், படைகள் இடம்மாற 300 நாள் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். சிக்கலே அதன்பிறகுதான்: போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டவை பிரெஞ்சு, வியட் மின் (ஹோ சி மின்னின் விடுதலை இயக்கம்) ராணுவத் தரப்புகள் மட்டுமே. நாட்டை இணைக்க 1956 ஜூலையில் தேர்தல் என்ற இறுதிப் பிரகடனத்தில் ஒருவரும் கையெழுத்திடவில்லை. சைகோனிலிருந்த தென்பகுதி அரசு அதை ஏற்கவுமில்லை. தேர்தல் நடக்கவேயில்லை, தற்காலிகக் கோடு எல்லையாகிவிட்டது.

கே சான் (பழைய அமெரிக்கப் படைத்தளம்) சேர்ந்த திட்டம் வேண்டாம். பாதி நாள் சாலையிலேயே போய்விடும். பாலமும், போரின்போது கிராமத்தினர் பதுங்கி வாழ்ந்த வின் மோக் சுரங்கமும் போதும். நிழல் குறைவு, தொப்பி அவசியம்.