போகப்போக மந்தமாகும் மடிக்கணினி: தூசு எடுப்பதா, ரேம் கூட்டுவதா, எஸ்எஸ்டி போடுவதா?

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ கணினி திருத்தும் கடை ஒன்றில் மடிக்கணினியைக் கொண்டுபோய் வைத்து, "வேகம் குறைஞ்சு போச்சு" என்று சொன்னால், அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே "எஸ்எஸ்டி ஒண்டு போடுங்க, பறக்கும்" என்ற பதில் வந்துவிடுகிறது. எஸ்எஸ்டி என்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம். அதைப் போடச் சொல்வது பொய்யான ஆலோசனை அல்ல. ஆனால், பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து அணைக்கும் வரை ஒரே சீராக மந்தமாக இருக்கும் கணினிக்கே அது பொருந்தும். காலையில் சுறுசுறுப்பாகத் திறந்து, முதல் அரைமணி நேரம் நன்றாக வேலை செய்து, அதன் பின்னர் தட்டிய எழுத்துத் திரையில் விழுவதற்கே தாமதிக்கும் அளவுக்குச் சிறிது சிறிதாகச் சோர்ந்துபோகும் கணினியின் கோளாறு வேறு. அதற்கு முன்வைக்கப்படும் தீர்வுகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

இந்த வேறுபாட்டை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். கச்சான் காற்று வீசும் ஆனி மாதத்தில் என்னுடைய மடிக்கணினி இவ்வாறு சோரத் தொடங்கியது. கடையில் சொன்னபடியே எஸ்எஸ்டி போட்டேன். முன்பு இரண்டு நிமிடங்கள் எடுத்துத் திறந்த கணினி இருபது விநாடிகளுக்குள் திறந்தது. ஆனால் முக்கால் மணி நேரம் கழிந்ததும் பழையபடி படுத்துவிட்டது.

ஆகவே ஒப்பீட்டுக்கு முன் ஒரு சோதனை தேவை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். சோர்வு தொடங்கும் நேரத்தில், செயலிக்கு (கணினியின் மூளையான சிபியுவுக்கு) வேலை நிறைய இருந்தும் அதன் வேகம் 2.5 கிகாஹேட்ஸ் அளவிலிருந்து 1 கிகாஹேட்ஸை நோக்கி இறங்கியிருந்தால், பெரும்பாலும் சூடுதான் காரணம். வேகம் இறங்காமல், மெமரி (ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) 90 வீதத்தைத் தாண்டி, டிஸ்க் 100 வீதத்திலேயே நின்றால் ரேம் போதவில்லை. இரண்டும் இல்லாமல் ஏதோ ஒரு நிரல் மட்டும் செயலியை விழுங்கிக்கொண்டிருந்தால், அந்த நிரலைத்தான் விசாரிக்க வேண்டும்; ஒரே கணினியில் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருட்கள் இருப்பது இவ்வகையில் அடிக்கடி காணப்படும் தவறு.

இதைவிட எளிய சோதனை ஒன்றும் உண்டு. சோர்ந்த கணினியை ஆறவிடாமல் உடனே ரீஸ்டார்ட் செய்யுங்கள். மீண்டும் திறந்த சில நிமிடங்களிலேயே சோர்வு திரும்பினால் சூடு. புத்துணர்ச்சியோடு எழுந்து மறுபடியும் ஒரு மணி நேரம் ஓடினால் ரேம். இங்கே ரீஸ்டார்ட் என்பதையே தெரிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் வசதி இயல்பாகவே இயங்குவதால், ஷட்டவுன் செய்து திறக்கும்போது இயங்குதளத்தின் மையப்பகுதி பழைய நிலையிலிருந்தே தொடர்கிறது. தினமும் இரவில் அணைக்கிறேன் என்று சொல்பவரின் கணினி, இந்தப் பொருளில், மாதக்கணக்கில் முழுமையாக அணையாமலே இருந்திருக்கக்கூடும்.

சூடு என்று தெரிந்தால், தூசு எடுப்பதற்கு நிகரான தீர்வு எதுவும் இல்லை. செயலியின் வெப்பநிலை அதற்கென வகுக்கப்பட்ட எல்லையை, பல இன்டெல் செயலிகளில் 100 பாகை செல்சியஸை, நெருங்கும்போது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. குளிரூட்டிய அறையில் 24 பாகையில் இருக்கும் கணினியையும், கச்சான் வீசும் மதியத்தில் 34 பாகை அறையில் இருக்கும் கணினியையும் எண்ணிப் பாருங்கள். உள்ளே இழுக்கப்படும் காற்றே பத்துப் பாகை கூடுதலாக இருக்கும்போது செயலியும் ஏறக்குறைய அந்த அளவு கூடுதலான சூட்டில்தான் நிற்கும். இதனோடு கல்லடியிலும் காத்தான்குடியிலும் கடற்கரையை அண்டிய வீடுகளில் ஈரமும் உப்பும் கலந்த காற்று சேர்ந்துகொள்கிறது. அந்த ஈரத்தில் தூசு உதிராமல் பிடித்துக்கொண்டு, மின்விசிறிக்கும் செயலியின் சூட்டைக் கடத்தும் செப்புக் குழாயின் முனையிலுள்ள மெல்லிய தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துண்டு போலப் படிந்துவிடுகிறது. என் கணினியைத் திறந்தபோது அதை விரலால் உரித்தெடுக்க முடிந்தது.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைக்கு இரண்டு சோடாமூடிகள் போதும். கணினியின் பின்பக்கத்தை அவற்றின் மேல் உயர்த்தி வைத்து, மேசை மின்விசிறியை அதை நோக்கித் திருப்பிவிடுங்கள். சோர்வு வருவது கணிசமாகத் தள்ளிப்போனால் காரணம் உறுதியாகிவிடும். மெத்தையிலோ தலையணையிலோ வைத்துப் பயன்படுத்துபவர்கள் முதலில் அதை நிறுத்திப் பார்க்கலாம், செலவே இல்லை. விற்பனையிலுள்ள குளிரூட்டும் தட்டுகளும் இந்தச் சோடாமூடி செய்யும் வேலையைச் சற்றுக் கூடுதலாகச் செய்பவைதாம். உள்ளே வழி அடைபட்டிருக்கையில் வெளியிலிருந்து ஊதுவதால் பெரிய பயன் கிடைக்காது.

தூசு எடுப்பதிலும் இரண்டு விதம் உண்டு. வெளியிலிருந்து புளோவரால் ஊதுவது மலிவானது. ஆனால் அது படிந்த தூசை உள்ளேயே இடம் மாற்றிவிடுவதும் உண்டு. அடிமூடியைக் கழற்றி, பற்றரி இணைப்பை நீக்கி, விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்வதே முறையானது. நான்கைந்து வருடம் பழைய கணினியாயின், செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்து போயிருக்கும். அதையும் மாற்றச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்த திருகாணிகளை அவசரப்பட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடுவதால், கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுப்பது நல்லது.

காரணம் ரேம் என்றால் போட்டி ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் இடையில்தான், அது சுவாரசியமான போட்டியும்கூட. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் உடனடித் தேவையற்ற தரவுகளைச் சேமிப்புத் தட்டுக்கு நகர்த்தி, தேவைப்படும்போது மீட்டெடுக்கிறது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய கோப்பை விநாடிக்கு ஏறக்குறைய 100 மெகாபைட் வேகத்தில் படித்தாலும், இங்கும் அங்குமாகச் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைத் தேடும்போது 1 மெகாபைட் அளவுக்கு இறங்கிவிடும். சாட்டா வகை எஸ்எஸ்டி 500 மெகாபைட்டைத் தாண்டுவதோடு, சிறு துண்டுகளிலும் இவ்வளவு தடுமாறாது. ஆனால் டிடிஆர்4 தலைமுறையைச் சேர்ந்த சாதாரண ரேம் ஒன்றின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 19 கிகாபைட். ஆகவே எஸ்எஸ்டி பற்றாக்குறையின் வலியைக் குறைக்கும். பற்றாக்குறை அப்படியே இருக்கும்.

வந்தாறுமூலையில் படிக்கும் என் மருமகனின் கணினி இதற்குச் சரியான உதாரணம். 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். சூம் விரிவுரை, பத்துப் பதினைந்து தாவல்களோடு பிரவுசர், ஒப்படைக்காக வேர்ட். ரீஸ்டார்ட் செய்தால் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும். "மாமா, ரெண்டுல ஒண்டுக்குத்தான் காசு இருக்கு" என்றார். இன்னொரு 4 ஜிபி ரேமைப் போடச் சொன்னேன். கணினி திறப்பதற்கு இன்றும் நேரம் எடுக்கிறது. ஆனால் விரிவுரையின் நடுவில் உறைந்து நிற்பது ஒழிந்தது. எப்போதும் மந்தம் என்பதே அவருடைய குறையாக இருந்திருந்தால் எஸ்எஸ்டியைத்தான் சொல்லியிருப்பேன். ஏற்கெனவே 8 ஜிபி உள்ள கணினியில் மெமரி நிரம்பாமல் டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் நின்றாலும் அதுவே என் பதில்.

ரேம் வாங்குமுன் டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கத்தில் ரேம் செருகும் இடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்பதைப் பாருங்கள். டிடிஆர்3க்கும் டிடிஆர்4க்கும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. மெல்லிய மாதிரிகள் சிலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; கூடுதலாகச் செருகும் இடமும் இல்லையென்றால், அவற்றுக்கு எஸ்எஸ்டியைத் தவிர வேறு வழியில்லை.

விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவுவது வைரஸோ கெட்டுப்போன நிரலோ காரணமாயிருந்தால் மட்டும் பலன் தரும். அடைபட்ட விசிறி புதிய விண்டோஸிலும் அடைபட்டே இருக்கும். ரேமைச் சுத்தம் செய்வதாக விளம்பரப்படுத்தும் இலவச மென்பொருட்களை ஒப்பீட்டில் சேர்க்கவே மனமில்லை. அவையும் ரேமில் உட்கார்ந்துதான் வேலை செய்கின்றன.

கடைசித் தெரிவு வேறு கணினி வாங்குவது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி ஆகியவற்றோடு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். ஆறாம் தலைமுறைக் கணினிக்கு ரேமும் எஸ்எஸ்டியும் சேர்த்துப் போடும் செலவை, எட்டாம் தலைமுறைப் பழைய கணினி ஒன்றின் விலையோடு வைத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். தூசு எடுக்கும் செலவுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. விற்பதாக இருந்தாலும் அதைச் செய்துவிட்டே விற்கலாம்.

இன்னொன்று, கணினியை ஆறவிட்டும் செயலியின் வேகம் ஏறாமல் 0.8 கிகாஹேட்ஸ் போன்ற தாழ்ந்த எண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் எதையும் வாங்காதீர்கள். தனக்குரியது அல்லாத சார்ஜரை அடையாளம் காணும் மாதிரிகள் சில வேகத்தை வேண்டுமென்றே கட்டிவைக்கின்றன. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எண் ஏறினால், மாற்ற வேண்டியது சார்ஜரை மட்டுமே.