எஃப்-20, ஆர்எஸ்ஏ-250: இரண்டு பெரிய பகு எண்கள்

இரண்டுமே பகு எண்கள்தான். ஆனால் ஒன்றின் காரணிகள் முழுக்கத் தெரியும், மற்றதில் ஒன்றுகூடத் தெரியாது.

ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறைக்கான சவால் எண்களில் ஒன்றான ஆர்எஸ்ஏ-250-க்கு 250 இலக்கங்கள். ஒவ்வொன்றும் 125 இலக்கம் கொண்ட இரண்டு பகா எண்களின் பெருக்கல், வேண்டுமென்றே காரணிகளாக உடைக்கச் சிரமமாகச் செய்தது. 2020 பிப்ரவரியில் உடைத்துவிட்டார்கள். அந்தக் கணக்கை ஒரே ஒரு கணினிக் கோரில் (செயலியின் ஒரு கணக்கிடும் பகுதியில்) ஓட்டியிருந்தால் சுமார் 2,700 ஆண்டு ஆகியிருக்கும். அவ்வளவுதான் அதன் கதை.

எனக்குச் சுவாரசியம் எஃப்-20 என்ற ஃபெர்மா எண்தான். 2-ஐ 10,48,576 முறை பெருக்கி 1 கூட்டினால் வருவது: 3,15,653 இலக்கங்கள், கடைசி இலக்கம் 7. இது பகு எண் என்று 1987-இலேயே நிரூபித்தாகிவிட்டது. காரணி தெரியாமல் எப்படி? ஃபெர்மா எண் பகா எண்ணா என்று பார்க்கும் பெப்பின் சோதனைதான். எண்ணில் 1 கழித்துப் பாதியாக்கி, அத்தனை முறை 3-ஐப் பெருக்கி, அதே எண்ணால் வகுக்க வேண்டும். பகா எண் என்றால் மீதி அந்த எண்ணைவிடச் சரியாக 1 குறைவாக வரும். வரவில்லை. சரி, காரணி எங்கே? எதுவாக இருந்தாலும் அதை 41,94,304-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். இவ்வளவு துப்பு இருந்தும் இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.