பெற்றோல் வானா, டீசல் வானா: வன்னிக்குள் ஓடும் ஒரு வீடு

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் போன வருடம் தொலைபேசி எடுத்து, "கேஸ் நல்லதோ, டீசல் நல்லதோ?" என்று கேட்டார். நான் சமையலைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "டீசலில் ஆர் சமைக்கிறது?" என்றேன். அங்கே கேஸ் என்றால் பெற்றோல் என்று எனக்கு விளங்க ஐந்து நிமிடம் போனது. அவர் ஓய்வு எடுத்துவிட்டார். இனி வருடத்துக்கு மூன்று மாதம் கிளிநொச்சிக்கு வந்து நிற்கப் போகிறார். சொந்தக்காரர் வீடுகளில் மாறிமாறிப் படுப்பதைவிட, படுக்கையும் அடுப்பும் உள்ள வான் ஒன்றை வாங்கி வட்டாப்பளை, மடு, மன்னார் என்று திரியலாம் என்பது திட்டம். வான் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

கனடாவில் அவர் பார்த்து ஆசைப்பட்ட மோட்டார்ஹோம்கள் வேறு சாதி. அங்கே பஸ் அளவில் இருக்கும் பெற்றோல் வண்டிகளில் பல, ஃபோர்ட் எஃப்-53 என்ற வாகன அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்டவை. 7.3 லீற்றர் வி8 எஞ்சின் முன்னுக்கு, சாரதியின் காலடியில் உறுமும். பெரிய டீசல் வண்டிகளில் எஞ்சின் பின்னுக்கு இருக்கும். காற்று சஸ்பென்ஷன், காற்று பிரேக் எல்லாம் உண்டு, சாரதிக்குச் சத்தம் பெரிதாகக் கேட்காது, விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும். மலையும் நெடுந்தூரமும் ஓடுகிறவருக்கு டீசல், வருடத்தில் இரண்டு மூன்று பயணம் போகிறவருக்குப் பெற்றோல் என்பது அங்கத்தைய கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வரலாம் என்று மச்சான் நினைத்தார். ஆனால் இங்கே நாம் செய்யப்போவது, ரொயோற்றாவின் பழைய ஹயஸ் வான் ஒன்றையோ, அதைவிடப் பெரிய கோஸ்ரர் சிறு பஸ் ஒன்றையோ வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, உள்ளே வீடு கட்டுகிற வேலை.

அப்படியென்றால் முதலில் பார்க்கவேண்டியது வானின் உடம்பைத்தான். எஞ்சின் கெட்டால் இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றலாம். உடம்பு உக்கினால் அதற்குள் அடித்த கட்டில், அலுமாரி, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் பிடுங்கித்தான் ஒட்டவேண்டும்.

முல்லைத்தீவுக் கரையில் டொல்பின் என்று நாங்கள் சொல்கிற பழைய ஹயஸ் வான் ஒன்று விலைக்கு நின்றது. 3எல் என்ற 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், காலையில் ஒரு சுற்றிலேயே பிடித்தது. பெயின்ற் பளபளவென்று இருந்தது. சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி அடிப்பக்கத் தகரத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லு வளைவுக்கு மேலே ஒட்டவில்லை. தகரம் இருக்கவேண்டிய இடத்தில், ஓட்டையை மூடப் பூசுகிற பட்டிதான் இருந்தது. கூரையின் மழைத்தண்ணி ஓடுகிற பீலியை ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தட்டினேன், துரு பொரிந்து கொட்டியது. கடற்காற்றில் நின்ற வாகனம் முதலில் போவது பீலி, கதவின் அடி, சில்லு வளைவு, பின்கதவுப் பிணைச்சல் ஆகிய இடங்களில்தான். கூரையில் சோலர் பலகை பூட்டப்போகிறவருக்குப் பீலி உக்கினால் கதை முடிந்தது.

இன்னொன்றையும் வன்னிக்காரர் மறக்கக்கூடாது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனை வாகனம் வெள்ளத்தில் நின்றது என்று எங்களுக்குத் தெரியும். விற்கிறவர் அதைச் சொல்லமாட்டார். சீற்பெல்ற்றைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால், வயர்களுக்குள்ளும் சேறு போயிருக்கும்.

கட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. வன்னியில் நல்ல மரத்துக்குக் குறைவில்லை என்பதால், உள்ளே முதிரையில் அலுமாரி அடித்தால் என்ன என்று எல்லோருக்கும் ஆசை வரும். மச்சானுக்கும் வந்தது. முதிரை வீட்டுக் கதவுக்கு நல்லது, வானுக்கு அல்ல. பாலையோ தண்ணீரில் போட்டால் தாழ்கிற மரம். நூறு லீற்றர் தண்ணீரே நூறு கிலோ. அதோடு பற்றரி, அடுப்பு, நாலு பேர், கட்டில் என்று சேர்த்தால் வான் குந்திவிடும். மெல்லிய பிளைவூட், அலுமினியச் சட்டம் போதும். பார்வைக்கு ஏழைபோல இருந்தாலும் பிரேக்குக்கும் ரயருக்கும் அது நல்லது.

சரி, இனி எண்ணெய்க் கதை.

பெரியப்பாவிடம் கேட்டால் ஒரே பதில், டீசல். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. வன்னியே டீசலில் ஓடுகிற ஊர். உழவு இயந்திரம், நெல் வெட்டும் மெசின், லொறி எல்லாம் டீசல். மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ நடுவழியில் நின்றால், பம்பில் எயர் எடுத்துவிட யாராவது ஒரு பொடியன் வருவான். டொல்பினின் 3எல் எஞ்சினும் கோஸ்ரரின் 1எச்ஸட் எஞ்சினும் அந்தச் சாதி. கம்பியூட்டர் இல்லை, பம்ப், நொசில், பில்டர், அவ்வளவுதான்.

ஆனால் இப்போது சந்தையில் நல்ல உடம்போடு கிடைப்பது 2004இன் பின்வந்த ஹயஸ், நாங்கள் கே.டி.எச் என்று சொல்கிற வான். அதன் 2.5, 3 லீற்றர் டீசல் எஞ்சின்கள் கொமன் ரெயில் வகை. மிகக் கூடிய அழுத்தத்தில், கம்பியூட்டர் சொல்கிற கணத்தில் டீசலைப் பீய்ச்சும். பீப்பாவில் கிடந்த டீசலை, தண்ணீர் கலந்ததை, உழவு இயந்திரம் இருமிக்கொண்டே குடிக்கும். இவற்றுக்கு அது நஞ்சு. நாலு இன்ஜெக்ரரையும் மாற்றிய நண்பர் ஒருவர், அந்தக் காசுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம் என்று இன்னும் புலம்புகிறார்.

பெரியப்பாவின் இன்னொரு நினைவு தொண்ணூறுகள். எரிபொருள் தடைக்காலத்தில் மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகையும் அந்த மணமும் வரும். அப்படி ஓடியவை பெற்றோல் எஞ்சின்கள் என்பதைப் பெரியப்பா வசதியாக மறந்துவிடுகிறார்! இன்றைய இன்ஜெக்சன் பெற்றோல் எஞ்சினிடம் அந்த வித்தை பலிக்காது. ஆகவே நான் கண்ட பிரிவு பெற்றோலுக்கும் டீசலுக்கும் நடுவில் இல்லை. பழைய பம்ப் எஞ்சின் ஒரு பக்கம், கம்பியூட்டர் எஞ்சின் மறுபக்கம். பழையது எதையும் தாங்கும், உடம்பு உக்கியிருக்கும். புதியதன் உடம்பு நல்லது, எண்ணெயில் செல்லம்.

புதியவற்றுக்குள் மட்டும் பார்த்தால், 2 லீற்றர் 1ரிஆர் பெற்றோல் ஹயஸுக்கு நான் வாக்களிப்பேன். காரணம் கணக்கு. எங்கள் பாதையில் பெற்றோல் ஹயஸ் லீற்றருக்கு எட்டு, டீசல் பத்து கிலோமீற்றர் என்று வையுங்கள். மச்சான் மூன்று மாதத்தில் 3000 கிலோமீற்றர் ஓடினால் பெற்றோல் 375 லீற்றர், டீசல் 300. வித்தியாசம் 75 லீற்றர். அதை மிச்சம் பிடிப்பதற்காக டீசல் வானுக்குச் சில இலட்சம் கூடக் கொடுப்பதில் அர்த்தமில்லை. வருடத்துக்கு 40,000 ஓடுகிற ஹயர் வான்காரருக்கு அதே வித்தியாசம் 1000 லீற்றர், அவருக்கு டீசல்தான். டீசல் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் 2022இல் உடைந்தது. யூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470, டீசல் 460. நவம்பரில் பெற்றோல் 370, டீசல் 430. அந்த வருடம் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது வானுக்கு வாரம் 20 லீற்றர். பெற்றோலோ டீசலோ, ஒரு வாரப் பங்கில் கிளிநொச்சியிலிருந்து கொழும்பு போய்ச் சேராது.

டீசல் வெல்கிற இடங்களும் உண்டு. வன்னிக்குள் ஏ9 பாதை சமதரைதான், ஆனால் மச்சானின் மனைவிக்கு நுவரெலியாவும் பார்க்கவேண்டும். பாரம் ஏற்றிய 2 லீற்றர் பெற்றோல் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும், கியரைக் குறைத்துக் குறைத்துத்தான் ஏறவேண்டும். ஒன்பது மாதம் சும்மா நிற்பதிலும் டீசலுக்குக் கொஞ்சம் மேல்கை. பெற்றோல் அரை வருடத்தில் பழுதாகிப் பிசின் கட்டத் தொடங்கும். டீசல் அதைவிடத் தாங்கும், ஆனால் தாங்கி பாதி வெறுமையாக நின்றால் மாரிக் குளிரில் உள்ளே தண்ணீர் வியர்க்கும். டீசல் என்றால் தாங்கியை நிரப்பி விடவேண்டும், பெற்றோல் என்றால் கொஞ்சமாக விட்டு, மாதத்துக்கு இரண்டு தரம் யாராவது முறிகண்டி வரை ஓட்டவேண்டும். அந்த யாராவது நான்தான். முறிகண்டிக் கோவிலடியில் விற்கிற கச்சான் எனக்குப் பிடிக்கும் என்பதால் முறைப்பாடு இல்லை.

புகைப் பரிசோதனையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். டீசலுக்குக் கரும்புகையைப் பார்ப்பார்கள், தேய்ந்த டீசல் எஞ்சின் அங்கே மாட்டுப்படும்.

கோஸ்ரரைப் பற்றியும் கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால் கட்டுமானத்தில் அதுவே ராசா. ஏணி போன்ற தனிச்சட்டத்தின்மேல் உடம்பு உட்கார்ந்திருக்கிறது, பாரத்துக்கு அஞ்சாது. 1எச்ஸட் 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர், டேர்போ இல்லை, அவசரமும் இல்லை. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். ஹைரூஃப் ஹயஸில் மச்சான் தலையைக் குனியத்தான் வேண்டும். ஆனால் அது லீற்றருக்கு ஆறு, ஏழுதான் ஓடும். கார் ஓட்டுகிற லைசன் போதாது. நெடுங்கேணிப் பக்கக் காட்டுப் பாதையில் யானை குறுக்கே நின்றால் திருப்பி எடுப்பதும் இலேசில்லை. ஆறு பேர் குடும்பமாக வாழ்வதென்றால் கோஸ்ரர். இரண்டு பேருக்கு அது வளவு நிறைய வெறும் வீடு.

எந்த வானை எடுத்தாலும், உள்ளே வேலை தொடங்கமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியைக் கேளுங்கள். இருக்கை கழற்றிய வான், பதிவுப் புத்தகத்தில் பயணிகள் வானாகவே கிடந்தால், விபத்து நடந்த அன்று காப்புறுதிக்காரர் அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்.

வெக்கையில் ஏசி போட்டபடி எஞ்சினை ஓடவிட்டுப் படுக்கலாமா என்று மச்சான் கேட்டார். கூடாது. பெற்றோல் புகையில் காபன் மொனொக்சைட் அதிகம், மணமே இல்லாமல் ஆளை முடிக்கும். டீசலில் அது குறைவு, அதற்காக அதிலும் படுக்க முடியாது. கூரையில் காற்றை வெளியே இழுக்கும் 12 வோல்ற் விசிறி, யன்னலுக்கு நுளம்பு வலை, நிற்பதற்கு வேப்பமர நிழல். வைகாசிப் பொங்கலுக்கு வட்டாப்பளையில் இரவு தங்குவதற்கு இவை போதும்.

கடைசியில் வவுனியாவில் ஒரு பெற்றோல் ஹயஸ் எடுத்தோம். முதல்நாளே உரிமையாளரிடம், நாங்கள் வரும்வரை ஸ்ராட் செய்யவேண்டாம் என்று கேட்டிருந்தேன். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். பீலி சுத்தம், அடித்தகரம் சுத்தம், பெல்ற்றில் சேறில்லை. இப்போது நிற்பது மச்சான் முதலில் கேட்ட கேள்வியில், நான் விளங்கிக்கொண்ட அர்த்தத்தில். சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியை உள்ளிருந்து முற்றாக அடைத்து, அதன் அடியில் வெளியே போகத் துளை விடவேண்டும். நல்ல தகரத்தில் துளை போடுவதா என்று மச்சான் தயங்குகிறார். பெரியப்பா மண்ணெண்ணெய் அடுப்பு வைக்கச் சொல்கிறார்.