10 கிலோவுக்கும் 12.5 கிலோவுக்கும் இடையில்: டம்பெல்லுக்கு எடை கூட்டிய மூன்று ஆண்டு அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இயங்கும் சிறிய ஜிம் ஒன்றில் 2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பயிற்சி செய்து வருகிறேன். அங்குள்ள அறுகோண டம்பெல்கள் 5 கிலோவில் தொடங்கி, இரண்டரைக் கிலோ இடைவெளியில் ஏறி, 20 கிலோவுடன் முடிந்துவிடுகின்றன. 2022இல் ஒரு டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 350 ரூபாவைக் கடந்தபோது, புதிய டம்பெல்கள் வாங்கும் எண்ணத்தை உரிமையாளர் ஒத்திவைத்தார். இருப்பவற்றையே எப்படிக் கனமாக்கலாம் என்று நான் தேடத் தொடங்கியது அப்போதுதான். கருவிகளுக்குச் சேதம் வராது என்று உறுதி கூறி அவருடைய அனுமதியையும் பெற்றுக்கொண்டேன்.

என்னுடைய முதல் சிக்கல் 20 கிலோ எல்லை அன்று. கீழே இருந்த படிகள்தான். 17.5 கிலோவிலிருந்து 20 கிலோவுக்குப் போகும்போது சுமை ஏழில் ஒரு பங்கே கூடுகிறது. 10 கிலோவிலிருந்து 12.5 கிலோவுக்குக் காற்பங்கும், 5 கிலோவிலிருந்து 7.5 கிலோவுக்குப் பாதியும் கூடுகின்றன. கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கும் பயிற்சியில் ஐந்து மாதங்களாக 5 கிலோவிலேயே நின்றேன். பதினைந்து தடவை சுத்தமாகத் தூக்க முடிந்தது, 7.5 கிலோவை எடுத்தால் நான்காவது தடவையிலேயே இடுப்பு ஆடத் தொடங்கியது. சிறுகச் சிறுகக் கூட்டுவதே இந்தப் பயிற்சி முறையின் அடிப்படை. 1945இல் தன் முறையை வெளியிட்ட அமெரிக்க இராணுவ மருத்துவர் தொமஸ் டிலோர்ம், காயமடைந்த படையினரின் கால் தசைகளை மீட்பதற்கு, பாதத்தில் கட்டும் இரும்புக் காலணியில் எடைகளைப் படிப்படியாகவே ஏற்றினார். நம் ஊர்களின் இளவட்டக்கல்லில் அந்த வசதி இல்லை; தூக்கினால் தூக்கியது, இல்லாவிட்டால் இல்லை. கர்லாக்கட்டையைப் பல எடைகளில் கடைந்து வைத்திருந்தவர்களுக்கு இந்தப் படிகளின் அருமை தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எதையும் சேர்ப்பதற்கு முன் இருப்பதை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன். ஒரு மாலையில் 10 கிலோ சோடியைப் பையில் போட்டுக்கொண்டு, நான் வழமையாக அரிசி வாங்கும் கடைக்குப் போனேன். முதலாளி தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு, “வையுங்கோ தம்பி, பாப்பம்” என்றார். ஒன்று 9.80 கிலோ காட்டியது, மற்றது 10.15 கிலோ. இரண்டுக்கும் 350 கிராம் வித்தியாசம். என் இடது கை பலவீனமானது என்று பல மாதங்களாக நம்பியிருந்தேன். கனமானது எப்போதும் தாங்கியின் இடப்பக்கத்தில் இருந்ததால் அது இடது கைக்கே வந்துகொண்டிருந்தது. வார்ப்பிரும்பில் இந்த அளவு வேறுபாடு புதுமையன்று. எனினும் அரைக் கிலோ கூட்டுவதைப் பற்றிக் கணக்குப் போடுபவருக்கு அது பெரிய தொகை. அன்று முதல் ஒவ்வொரு டம்பெல்லின் உண்மையான எடையையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் செய்து பார்த்தது மணல் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல். அரை லீற்றர் போத்தலில் உலர்ந்த மணல் ஏறத்தாழ 800 கிராம் பிடிக்கும். அதை டம்பெல்லின் மேல் வைத்து இன்சுலேஷன் டேப்பால் இறுகச் சுற்றினேன். எடை கூடியது உண்மை. ஆனால் அது கைப்பிடிக்கு நேராக இல்லாமல் மேலே உட்கார்ந்திருந்ததால், தூக்கும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டைத் திருப்பப் பார்த்தது. இரண்டாவது வாரத்தில், தோளுக்கு மேலே தூக்கிய நிலையில் வியர்வையில் நனைந்திருந்த டேப் வழுகி, போத்தல் என் காதை உரசிக்கொண்டு தரையில் விழுந்து உடைந்தது. காயம் இல்லை. மணலைக் கூட்டி அள்ளிவிட்டு அந்த முறையை அன்றோடு விட்டேன். தலைக்கு மேலே போகும் எந்தப் பயிற்சியிலும் டேப்பை நம்பக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடுத்து, மணிக்கட்டில் கட்டும் அரைக் கிலோ எடைப் பட்டிகள். பக்கவாட்டுத் தூக்கலுக்கு இவற்றை மிஞ்சியது எதையும் இதுவரை நான் காணவில்லை. என் தோளிலிருந்து உள்ளங்கை வரை சுமார் 60 சென்றிமீற்றர். பட்டி இருக்கும் இடம் 50 சென்றிமீற்றர். ஆகவே பட்டியின் 500 கிராம், கையில் பிடித்த எடையாகக் கணக்கிட்டால் 420 கிராம் அளவுக்கே தோளுக்குப் பாரம் கொடுக்கும். எனக்குத் தேவைப்பட்டதும் அத்தகைய சிறு படிதான். ஐந்து மாதம் அசையாமல் இருந்த இடத்திலிருந்து பத்து வாரங்களில் 7.5 கிலோவுக்கு வந்து சேர்ந்தேன். கைப்பிடியில் பாரம் கூடாததால் பிடிக்கு இதனால் பயன் இல்லை. இன்னொன்று: கொழும்பின் புழுக்கத்தில் துணி எளிதில் காய்வதில்லை. வாரம் ஒரு முறை கழுவி மின்விசிறியின் கீழே காய வைக்காவிட்டால் மணம் எடுத்துவிடும்.

டம்பெல்லோடு சேர்த்து இழுக்கும் ரப்பர் பட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இழுக்க இழுக்கவே அவற்றின் விசை கூடுவதால், அசைவின் தொடக்கத்தில் பாரம் மாறுவதே இல்லை. யன்னலோரம் தொங்கவிட்டிருந்த என் பட்டி ஒரு வருடம் தாண்டியதும் வெயிலில் வெடிப்பு விட்டது.

நிலைத்து நின்றது காந்தம். வெளிநாடுகளில் பிளேட்மேட்ஸ் என்ற பெயரில் இதற்கென்றே காந்த எடைகள் விற்கிறார்கள், அவற்றில் 1.25 இறாத்தல், அதாவது 567 கிராம் எடையுள்ளவையும் உண்டு. நான் தேடிய கடைகளில் அவை கிடைக்கவில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நியோடிமியம் காந்தங்கள் நான்கு வாங்கி, இரும்புத் தகட்டில் ஒட்டிப் பார்த்தேன். பிடிப்பு அபாரம். ஆனால் அவற்றின் நிக்கல் பூச்சு ஓரங்களில் பெயர்ந்ததும் கடற்காற்று உள்ளே புகுந்து, எட்டு மாதத்தில் துரு தூளாகக் கொட்டியது.

மருதானைப் பக்கத்தில் ஒலிபெருக்கி திருத்தும் முதியவர் ஒருவர்தான் சரியான வழியைக் காட்டினார். பழுதான ஒலிபெருக்கிகளிலிருந்து கழற்றிய ஃபெரைட் வளையக் காந்தங்கள் அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. 90 மில்லிமீற்றர் விட்டமும் 17 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒரு வளையம் 445 கிராம் நிறுத்தது. அதாவது காந்தமே எடை. வேறொன்றும் ஒட்டத் தேவையில்லை. ஃபெரைட் ஏற்கெனவே இரும்பு ஒக்சைட்டால் ஆனது என்பதால் துருப்பிடிக்காது. “உடையிற சாமான் தம்பி, அடிபடாமல் வைச்சிருங்கோ” என்று சொல்லி, ஒரே எடையுள்ள நான்கைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் 10 கிலோ டம்பெல்களின் இரு முகங்களிலும் எண் புடைத்து நிற்கிறது. தட்டையான காந்தம் எதுவும் அதன் மேல் சரியாகப் படியாது. இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி விழுந்தாலே பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இந்த வளையத்திலோ நடுவில் ஓட்டை இருக்கிறது. புடைத்த எண் அந்த ஓட்டைக்குள் அடங்க, வளையம் இரும்போடு முழுமையாகப் பொருந்தி ‘டக்’ என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்ட கணத்தில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் நினைவில் இருக்கிறது. பிறகு பழைய சோனகத் தெருப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறையில், 8 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டங்கள் நான்கு வெட்டி, பிசிறு நீக்கி, அன்டிகொரோசிவ் பெயின்ட் அடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் 490 கிராம். வளையத்தை மட்டும் இரு முகங்களிலும் வைத்தால் ஒரு டம்பெல்லில் சுமார் 0.9 கிலோவும், வளையத்தின் மேல் வட்டத் தகட்டையும் வைத்தால் சுமார் 1.9 கிலோவும் கூடுகின்றன. 10, 10.9, 11.9, 12.5 என்று, முன்பு ஒரே தாவலாக இருந்த இடத்தில் இப்போது மூன்று படிகள் இருக்கின்றன.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது சரியன்று. காந்தத்தை நேராக இழுத்துப் பிரிப்பது கடினம், பக்கவாட்டில் வழுக்கச் செய்வதோ எளிது. டம்பெல்லின் முகம் பெரும்பாலும் செங்குத்தாக இருப்பதால், பாரம் முழுவதும் வழுக்கும் திசையிலேயே விழுகிறது. எனவே இரு பரப்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, மெத்தைக்கு மேலே பிடித்து நன்றாக உலுக்கிப் பார்த்த பிறகே பயன்படுத்துகிறேன். முகத்துக்கு மேலே செல்லும் பயிற்சிகளுக்குப் பயன்படுத்துவதே இல்லை. ரப்பர் உறை போட்ட டம்பெல்லில் இந்த வளையம் நம்பத்தக்கதாக நிற்காது. 2023இல், மார்புக்கு மேலே இரு டம்பெல்களையும் உயர்த்தி ஒன்றை ஒன்று நெருங்கவிட்டபோது, உட்பக்கக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்து மோதிக்கொண்டன. ஒரு வளையத்தின் விளிம்பு சில்லாக உடைந்தது. இடையில் விரல் இருந்திருந்தால் நிலைமை வேறு. அதன் பின்னர் மார்புப் பயிற்சியில் இவற்றைத் தொடுவதில்லை. தண்டு இழுத்தல் (முன்குனிந்து டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது), முன்கை மடக்கல் போன்ற, கைகள் விலகியே இயங்கும் பயிற்சிகளுக்கு இவை மிகப் பொருத்தமானவை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தக் காந்தங்களைக் கையாளக் கூடாது. அப்படியான ஓர் ஐயா எங்கள் ஜிம்முக்கு வருவதால், பயிற்சி முடிந்ததும் நான்கையும் மரப்பெட்டியில் போட்டு வீட்டுக்கே எடுத்துச் செல்கிறேன்.

20 கிலோ எல்லைக்குக் காந்தம் கொடுத்த விடை 21.9 கிலோவோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் எடையைத் தேடாமல் அசைவை மாற்றினேன். இறக்குவதற்கு மூன்று விநாடி எடுத்துக்கொள்வதும், பின்காலை பெஞ்சில் வைத்து ஒற்றைக் காலில் அமர்ந்தெழுவதும் அதே 20 கிலோவைப் போதிய பாரமாக்கிவிட்டன. தடித்த ரப்பரைக் கைப்பிடியில் சுற்றினால் டம்பெல் கனமாகத் தோன்றும் என்று சிலர் சொல்வார்கள். அது விரல்களைக் களைக்க வைக்குமே தவிர முதுகுக்கு ஒன்றும் செய்யாது.

விளிம்பு உடைந்த வளையம் இப்போது 418 கிராம் நிற்கிறது. அதை 9.80 கிலோ டம்பெல்லில் வைத்தால் வித்தியாசம் கூடும் என்பதால், 10.15 கிலோ டம்பெல்லுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஆனால் அந்த டம்பெல்லின் இரு முனைகளும் சமனாக இல்லை என்பது முன்கை மடக்கும்போது தெரிகிறது. 445 கிராமில் இன்னொரு வளையம் அகப்பட்டால் எடுத்து வைப்பதாக மருதானை முதியவர் சொல்லியிருக்கிறார்; அடுத்த சனிக்கிழமை மீண்டும் போய்க் கேட்க வேண்டும்.