சிம்னி ஃபில்டர் பிசுக்கு: வாஷிங் சோடாவா, ஆப்ப சோடாவா, அடைப்புப் பவுடரா?

எங்கள் வீட்டு சிம்னியில் இரண்டு மெஷ் ஃபில்டர்கள். வாங்கியபோது இரண்டும் ஒரே நிறம். இப்போது ஒன்று வெள்ளியாகவும் மற்றது மழைமேகம் மாதிரியும் இருக்கிறது. இரண்டாவதைக் கெடுத்தது நான்தான். சிங்க் அடைப்பை எடுக்கும் பவுடரை வெந்நீரில் கரைத்து அதில் முக்கினேன். புஸ்ஸென்று நுரை பொங்கியதும் "ஆகா, பிசுக்கு கிளம்புகிறது" என்று சந்தோஷமாக வேடிக்கை பார்த்தேன். பொங்கியது பிசுக்கு அல்ல, அலுமினியம். அந்தப் பவுடரின் சரக்கே பெரும்பாலும் காஸ்டிக் சோடாதான். அது அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். இரண்டடி தள்ளி அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அதனால் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் ஃபில்டர் என்ன உலோகம் என்று பாருங்கள். தகடுகளை வளைத்து வரிசையாக அடுக்கியது போல் இருந்தால் அது பாஃபிள். பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வலையை அடுக்கடுக்காக மடித்துச் சட்டத்துக்குள் வைத்திருந்தால் மெஷ், பெரும்பாலும் அலுமினியம். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் ஸ்டீல், கவலை இல்லை. ஒட்டாவிட்டால் அலுமினியம்தான் என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் பிடிக்காது. கையில் தூக்கினால் தெரிந்துவிடும். அட்டை மாதிரி லேசாக இருப்பது அலுமினியம்.

அடுத்து, எதிராளி யார் என்று தெரிய வேண்டும். புது தோசைக்கல்லைப் பழக்கும்போது எண்ணெய் தடவுவோம், சூடாக்குவோம், மறுபடி தடவுவோம். நாலைந்து சுற்றில் எண்ணெய், எண்ணெயாக இல்லாமல் கறுப்பாக, வழவழவென்று ஒரு பூச்சாகக் கெட்டிப்பட்டுவிடும். சூட்டிலும் காற்றிலும் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் வருவது அது. சிம்னி ஃபில்டரிலும் மாதக்கணக்கில் நடப்பது இதேதான்; தாளிப்பு ஆவியில் போகும் எண்ணெய் முதலில் ஈரப் பிசுக்காக இருந்து, பிறகு கோந்தாகி, கடைசியில் வார்னிஷ் ஆகிறது. சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் கோந்தாகும். தேங்காய் எண்ணெய் அவ்வளவாக ஆகாது. ஈரப் பிசுக்கை எதை வைத்தும் கழுவிவிடலாம். போட்டியெல்லாம் கோந்துக்கும் வார்னிஷுக்கும்தான்.

இதில் எனக்கு வாஷிங் சோடாவுக்கு மேல் எதுவும் இல்லை, ஸ்டீல் ஃபில்டராக இருந்தால். மளிகைக் கடையில் சலவை சோடா என்று கேட்டாலும் கொடுப்பார்கள், விலையும் சொற்பம். இதன் கரைசலுக்கு, காரம் எவ்வளவு என்று காட்டும் பிஹெச் அளவு 11 பக்கம் வரும். பழைய எண்ணெயில் சேர்ந்திருக்கும் கொழுப்பு அமிலங்களை இது பிடித்து சோப்பாகவே மாற்றிவிடுகிறது. அதாவது அழுக்கே தன்னைக் கழுவ சோப்பு தருகிறது! போர்வெல் தண்ணீர் வீடுகளில் இன்னொரு லாபமும் உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் படுத்துமே, அந்தக் கடினத்தன்மையையும் வாஷிங் சோடா இறக்கிவிடும்.

அக்கா வீட்டு பாஃபிள் ஃபில்டரை இப்படித்தான் கழுவினோம். எவர்சில்வர் அண்டாவில் பத்து லிட்டர் தண்ணீர், கை பொறுக்காத சூடு, அதில் நூற்றைம்பது கிராம் அளவுக்கு வாஷிங் சோடா, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு ஸ்பூன். நாற்பது நிமிடம் ஊறியதும் தண்ணீர் கடும் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததில் வழித்த மாதிரி வந்தது. மூலைகளில் மட்டும் வார்னிஷ் ஒட்டிக்கொண்டிருந்தது. புதுத் தண்ணீர், புது சோடா, இன்னொரு அரை மணி நேரம், அதுவும் போயிற்று. கையுறை கட்டாயம், இல்லாவிட்டால் கையில் இருக்கும் எண்ணெயையும் அது விடாது. அலுமினிய அண்டாவில் மட்டும் இதைக் கரைக்காதீர்கள். ஃபில்டருக்குச் சொன்னது அண்டாவுக்கும் பொருந்தும்.

ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் பொங்கல் அது. அடங்கிய பிறகு மிஞ்சுவது ஏதோ ஒரு உப்புத் தண்ணீர், பிசுக்குக்கு எதிராக அதில் வலு இல்லை. ஆப்ப சோடாவைத் தனியாகக் குழைத்துத் தேய்த்தால் கொஞ்சம் பலன் உண்டு, நைஸான மணல் மாதிரி உரசுவதால். அதன் பிஹெச் 8 சொச்சம்தான். நன்றாகக் கொதிக்கவிட்டால் கரியமில வாயுவை விட்டுவிட்டு மெல்ல வாஷிங் சோடாவாகவே மாறும். சரி, அதற்கு வாஷிங் சோடாவையே வாங்கிவிடலாமே. வினிகருக்கு வேறு ஒரு வேலை கொடுக்கலாம். சோடாவில் கழுவிக் காய்ந்த ஸ்டீலில் வெள்ளைப் படலம் தெரிந்தால் கடைசி அலசலில் கொஞ்சம் சேர்த்தால் போய்விடும்.

காஸ்டிக் சோடா வலுவில் எல்லாவற்றையும் தாண்டும். தோசைக்கல்லின் பூச்சையே உரித்துவிடக்கூடியது. ஸ்டீலுக்கு ஒன்றும் ஆகாது என்றாலும், கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் போதும், விபரீதம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். நான் இனி தொடுவதாக இல்லை.

சரி, அலுமினிய மெஷ் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? வாஷிங் சோடாவும் அதைக் கறுக்க வைக்கும், காஸ்டிக் அளவுக்கு வேகமாக இல்லை என்பதுதான் வித்தியாசம். டிஷ்வாஷரில் போட்டாலும் அதன் டிடர்ஜென்ட் காரமானது என்பதால் அதே கதி. மீதி இருப்பது கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் பாத்திரம் கழுவும் லிக்விடும்தான். இந்தக் கூட்டணிக்கு வார்னிஷை உடைக்கும் சக்தி கிடையாது. ஆகவே பிசுக்கு கோந்தாகும் முன்பே கழுவிவிட வேண்டும். தினமும் தாளிப்பும் வாரம் இரண்டு நாள் பொரியலும் உள்ள எங்கள் சமையலுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சரியாக வருகிறது. மாதம் தாண்டினால் இரண்டு முறை ஊறவைக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய்க் குளியல் நினைப்பில் சீயக்காயையும் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். ஈரப் பிசுக்கை அழகாக எடுத்தது. வலை இடுக்கில் மாட்டிய தூளை எடுக்கத்தான் அரை நாள் ஆயிற்று.

கறுத்த மெஷ்ஷைப் புளி போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் வெளுக்கும், இட்லிப் பானைக்குச் செய்வது போல. முழுசாக வராது. ஆனால் கறுப்பு, பார்வைக்கு மட்டும்தான் குறை. உறிஞ்சுவதில் வித்தியாசம் இல்லை.

ஸ்ப்ரே கிளீனர்கள் சிம்னியின் வெளிப்பக்கத்துக்கு ஏற்றவை. ஃபில்டருக்கு அடித்தால் பாட்டில் சீக்கிரம் காலியாகும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், ஃபில்டர் அடுப்புக்கு நேர் மேலே தொங்கும் பொருள். கரி ஃபில்டர் இருந்தால் எந்தக் கரைசலிலும் முக்காதீர்கள். பழசானால் மாற்றுவதுதான் வழி. ஆட்டோ கிளீன் பொத்தானை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது உள்ளே மோட்டார் பக்கம் சேரும் எண்ணெயைச் சூடாக்கி வடிப்பதற்கு. ஃபில்டரில் ஏறிய வார்னிஷை அது எடுக்காது.

கழுவிய டீ நிறத் தண்ணீரை அப்படியே சிங்க்கில் கொட்டிவிடாதீர்கள். ஆறவிட்டு, மேலே மிதக்கும் பிசுக்கைப் பழைய செய்தித்தாளில் ஒற்றியெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு மீதியை ஊற்றுங்கள். இல்லையென்றால் அது குழாய்க்குள் போய்ப் படியும், அடைப்புப் பவுடர் வாங்க மறுபடி கடைக்கு ஓட வேண்டியதுதான்.